டீமக்ஸில் சாளரங்களை நிருவகிப்பதும் மூடுவதும்: முழுமையான வழிகாட்டி

சென்ற மாரியில் ஒரு மாலை. திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டு முன் விறாந்தையில் மடிக்கணினியோடு அக்காவின் மகள் இருந்தாள். பழைய தமிழ்ச் சஞ்சிகைகளின் வருடிய பக்கங்களை எழுத்தாக மாற்றும் வேலை அது. சிங்கப்பூரில் வாடகைக்கு எடுத்த ஒரு சேவையகத்தில், படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் டெசராக்ட் நிரல் டீமக்ஸுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. கட்டளைகளைத் தட்டும் திரையான முனையம் ஒன்றுக்குள்ளேயே பல சாளரங்களைத் திறந்து வேலைகளை ஓட்டவிடும் மென்பொருள்தான் டீமக்ஸ். திரையின் அடியில் ஒரு பச்சைப் பட்டை. அதில் 0 முதல் 6 வரை எண்கள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரே பெயர்: பாஷ், பாஷ், பாஷ். தேவையற்றதை மூடலாம் என்று ஒரு விசையை அழுத்தினாள். பச்சைப் பட்டை மஞ்சளாகி, “கில்-விண்டோ பாஷ்? (ஒய்/என்)” என்று கேட்டது.

“மாமா, இது எந்தப் பாஷைக் கேட்கிறது?”

“பொறு பிள்ளை” என்று நான் எழுந்து வருவதற்குள் ஒய் அழுத்தியாயிற்று. 4 மணி நேரமாக ஓடிய வேலை அதற்குள்தான் இருந்தது. எல்லாப் பக்கங்களும் முடிந்த பிறகே கோப்பில் எழுதும்படி அவள் நிரலை அமைத்திருந்ததால், ஒரு பக்கம்கூட மிஞ்சவில்லை.

அன்றிரவு அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததை ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். மூடும் விசை எது என்று பலருக்கும் தெரியும். மூடப்போகும் சாளரத்துக்குள் என்ன உயிரோடு இருக்கிறது என்று பார்க்கத் தெரிவதுதான் முக்கியம். ஆகவே இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி மூடுவதற்கு முன் செய்ய வேண்டியவற்றைப் பற்றியது.

எழுத்து முறை பற்றி ஒரு குறிப்பு

கட்டளைகளை ஒலிக்கும்படி தமிழில் எழுதுகிறேன். நீங்கள் ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள். டீமக்ஸ் என்பது டீ, எம், யு, எக்ஸ் என்ற 4 எழுத்துகள். ‘டார்கெட்’ என்ற சொல்லின் முதலெழுத்தை ‘டீ’ என்று நீட்டியும், ‘டிடாச்’ என்பதன் முதலெழுத்தை ‘டி’ என்று குறுக்கியும் எழுதியிருக்கிறேன். ‘முன்விசை’ என்று வரும் இடமெல்லாம், கண்ட்ரோலை அழுத்தியபடி ஆங்கில வரிசையின் 2ஆம் எழுத்தான பி-யை அழுத்தி, இரண்டையும் விட்டுவிட வேண்டும். அதன் பிறகுதான் அடுத்த விசை. புதிதாகப் பழகுகிறவர்கள் மூன்றையும் ஒன்றாக அழுத்திவிட்டு, வேலை செய்யவில்லை என்பார்கள். விட்டு அழுத்துங்கள்.

உள்ளே இருக்கும் அடுக்குகள்

டீமக்ஸ் 2007இல் நிக்கலஸ் மேரியட் எழுதத் தொடங்கிய மென்பொருள். 2009 முதல் ஓப்பன்பிஎஸ்டி இயங்குதளத்தின் அடிப்படைத் தொகுப்பிலேயே அது இருக்கிறது. அதற்கு 20 ஆண்டுகள் மூத்தது, இதே வேலையைச் செய்யும், 1987இல் வந்த ஸ்கிரீன். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

முதல் தடவை டீமக்ஸைத் தொடங்கும்போது பின்னணியில் ஒரு சேவையக நிரல் எழுகிறது. அதற்குள் அமர்வுகள் இருக்கும். ஓர் அமர்வுக்குள் பல சாளரங்கள். ஒரு சாளரத்தைப் பிரித்தால் பல பலகங்கள். ஒவ்வொரு பலகத்துக்குள்ளும், நீங்கள் தட்டும் கட்டளைகளை வாங்கும் ஒரு ஷெல்லும் (பாஷ் அப்படி ஒன்று) அது ஓட்டும் நிரலும் வாழ்கின்றன. நீங்கள் பார்க்கும் முனையம் இவற்றை எட்டிப்பார்க்கும் ஒரு கண் மட்டும்தான். கண்ணை மூடினால் வீடு இடிந்துவிடாது. 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நீடித்தபோது, எங்கள் வீட்டு ரவுட்டர் எத்தனை தடவை செத்தாலும் தூரத்துச் சேவையகத்தில் வேலை நிற்காமல் ஓடியது இதனால்தான். ஆனால் டீமக்ஸ் உங்கள் மடிக்கணினியிலேயே ஓடினால் இந்தக் காப்பு கிடையாது. மடிக்கணினி அணைந்தால் எல்லாம் போகும்.

அடுக்குகள் கீழிருந்து மேலாகச் சரியும் என்பதையும் மனத்தில் வையுங்கள். ஒரு சாளரத்தின் கடைசிப் பலகம் மூடினால் சாளரமும் போகும். கடைசிச் சாளரம் போனால் அமர்வு போகும். கடைசி அமர்வும் போனால் டீமக்ஸின் சேவையக நிரலே நின்றுவிடும்.

முதற்படி: பெயரோடு தொடங்குங்கள்

வெறுமனே டீமக்ஸ் என்று தட்டினால் அமர்வுக்கு 0 என்று பெயர் விழும். அதற்குப் பதிலாக “டீமக்ஸ் நியூ -எஸ் ஏடு” என்று தட்டுங்கள். ஏடு என்பது நான் வைத்த பெயர். அதையும் ஆங்கில எழுத்திலேயே தட்டுங்கள். தமிழ் எழுத்தில் பெயர் வைக்க எனக்கும் ஆசைதான். ஆனால் பல முனையங்களில் தமிழ் உயிர்மெய்களின் அகலக் கணக்குப் பிசகி, பட்டையில் பெயர்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறுகின்றன.

புதிய சாளரம் திறக்க முன்விசை, பிறகு ‘கிரியேட்’ என்பதன் முதலெழுத்தான சி. திறந்தவுடன், வேறு எதையும் தட்டுவதற்கு முன், முன்விசையும் காற்புள்ளியும் அழுத்திப் பெயர் கொடுங்கள். பெயர் கொடுக்காவிட்டால், அந்தச் சாளரத்தில் அப்போது முன்னால் ஓடும் நிரலின் பெயரை டீமக்ஸ் தானாக வைத்துக்கொள்ளும். இது உதவி போலத் தோன்றும். ஆனால் ஒரு ஷெல் நிரல்கோப்பை ஓட்டினால், அதற்குள் டெசராக்டே ஓடினாலும் பட்டையில் பாஷ் என்றுதான் தெரியும். மருமகள் ஏமாந்தது இங்கேதான். நீங்களாக ஒருமுறை பெயர் வைத்துவிட்டால், அந்தச் சாளரத்துக்குத் தானாகப் பெயர் மாறுவது நின்றுவிடும்.

மூடும்போது டீமக்ஸ் கேட்கும் கேள்வியில் வருவது இந்தப் பெயர்தான். “கில்-விண்டோ பாஷ்?” என்ற கேள்விக்கு யாரும் யோசித்துப் பதில் சொல்ல முடியாது. எழுத்துணரும் வேலைக்கு ஓசிஆர் என்று பெயர் வைத்து, “கில்-விண்டோ ஓசிஆர்?” என்று கேட்டால் விரல் தானாக நிற்கும். பெயர் வைக்க 2 விநாடி போதும். அதைச் செய்யாமல் விட்டதற்கு நாங்கள் கொடுத்த விலை 4 மணி நேரம்.

இரண்டாம் படி: இடம் மாறுதல்

முன்விசையோடு எண்ணை அழுத்தினால் அந்த எண்ணுள்ள சாளரம் வரும். ‘நெக்ஸ்ட்’ என்பதன் முதலெழுத்து அடுத்ததற்கும், ‘பிரீவியஸ்’ என்பதன் முதலெழுத்து முந்தியதற்கும், ‘லாஸ்ட்’ என்பதன் முதலெழுத்து கடைசியாக இருந்த சாளரத்துக்கும் கொண்டுபோகும். நான் அதிகம் பயன்படுத்துவது இந்த மூன்றாவதைத்தான். கோப்புகளைத் திருத்தும் தொகுப்பியிலிருந்து பதிவுக் கோப்புக்கும் அங்கிருந்து திரும்பவும் தாவிக்கொண்டே இருப்பேன். பட்டையில் நட்சத்திரக் குறி உள்ளது இப்போதைய சாளரம். சிறு கோடு உள்ளது சற்று முன் இருந்தது.

ஒரு சாளரத்தை இடவலமாகப் பிரிக்க முன்விசை %, மேல்கீழாகப் பிரிக்க முன்விசை ". பலகங்களிடையே அம்புக்குறி விசைகளால் நகரலாம். ஒரு பலகத்தை மட்டும் பெரிதாக்க முன்விசை, ‘ஸூம்’ என்பதன் இசட். பெரிதாக்கியிருக்கும்போது பட்டையில் சாளரத்தின் பெயரருகே அதே எழுத்து தெரியும். அதைக் கவனியுங்கள். பெரிதாக்கிய பலகத்தைப் பார்த்து, சாளரத்தில் இது ஒன்றுதான் இருக்கிறது என்று நினைத்து முழுச் சாளரத்தையும் மூடிவிடுவது எளிதில் நேரும் பிழை. பின்னால் ஒளிந்திருக்கும் மற்றப் பலகங்களும் சேர்ந்தே போகும்.

மூன்றாம் படி: மூடுமுன் உள்ளே பாருங்கள்

முன்விசை, ‘விண்டோ’ என்பதன் முதலெழுத்தான டபிள்யூ. எல்லா அமர்வுகளும் சாளரங்களும் மரம் போல விரியும். மேலும் கீழும் நகர்ந்தால், தேர்ந்த சாளரத்தின் உள்ளடக்கம் அடியில் சிறிதாகத் தெரியும். சாளரத்துக்குள் போகாமலேயே எட்டிப்பார்க்கலாம். வரிகள் நகர்ந்துகொண்டிருந்தால் உள்ளே வேலை நடக்கிறது. ஆனால் வரிகள் அசையவில்லை என்பதற்காக வேலை இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். அமைதியாக ஓடும் நிரல்கள் நிறைய உண்டு. ஷெல்லின் டாலர் குறி கடைசி வரியில் காத்திருக்கிறதா என்று பாருங்கள். அது இருந்தால் அந்தப் பலகத்தில் முன்னணி வேலை ஏதும் இல்லை. பின்னணியில் ஏதும் ஓடுகிறதா என்று அறிய உள்ளே போய் ‘ஜாப்ஸ்’ என்று தட்டுங்கள்.

உறைந்தது போலத் தெரியும் சாளரத்தை உடனே கொல்ல நினைப்பவர்களுக்கு இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். கண்ட்ரோலோடு தவறுதலாக எஸ் பட்டிருந்தால் திரையின் ஓட்டம் நிறுத்திவைக்கப்படும்; கண்ட்ரோலோடு கியூ அழுத்தினால் மீண்டும் ஓடத் தொடங்கும். இன்னொன்று, சுட்டியை உருட்டியோ முன்விசையோடு [ அழுத்தியோ நகல் நிலைக்குப் போயிருக்கலாம். அப்போது வலது மேல் மூலையில் சதுர அடைப்புக்குள் இரண்டு எண்கள் மஞ்சளில் தெரியும், தட்டுவது எதுவும் ஷெல்லுக்குப் போகாது. கியூ அழுத்தினால் வெளியே வரலாம். செத்துவிட்டது என்று என்னிடம் காட்டப்பட்ட சாளரங்களில் பாதிக்கு மேல் இந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருந்தன.

நான்காம் படி: மூடுதல், மென்மையிலிருந்து வன்மைக்கு

முதலில் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: மூட வேண்டுமா, அல்லது எழுந்து போக வேண்டுமா? எழுந்து போக வேண்டும் என்றால் எதையும் மூடாதீர்கள். முன்விசை, டி. “டிடாச்டு” என்ற ஒரு வரியோடு பழைய முனையத்துக்கு வந்துவிடுவீர்கள். உள்ளே எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். திரும்பி வர “டீமக்ஸ் அட்டாச் -டீ ஏடு”. கொட்டியாரக் குடாவில் நங்கூரமிட்டுவிட்டுக் கரைக்கு வருகிறவர் படகை உடைத்துவிட்டா வருகிறார்? டிடாச் என்பது அந்த நங்கூரம். நாள் முடிவில் சாளரங்களை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருப்பவர்களில் பெரும்பாலோருக்குத் தேவைப்படுவது இதுதான்.

உண்மையாகவே மூடவேண்டும் என்றால், நல்ல வழி உள்ளே ஓடுவதை அதன் முறைப்படி நிறுத்துவது. தொகுப்பி என்றால் சேமித்து வெளியேறுங்கள். ஓடும் நிரல் என்றால் கண்ட்ரோல் சி. பிறகு ஷெல்லில் ‘எக்ஸிட்’ என்று தட்டுங்கள், அல்லது கண்ட்ரோல் டி. ஷெல் போனதும் பலகம் தானாக மூடும். இடைநிறுத்திய வேலை ஏதும் இருந்தால் பாஷ் உடனே போகாமல் அதைச் சொல்லி எச்சரிக்கும். அந்த எச்சரிக்கையை மதியுங்கள். கொல்லும் கட்டளைகள் இந்த வாய்ப்பைத் தருவதில்லை; அதனால்தான் இந்த வழியை முதலில் சொல்கிறேன்.

அடுத்தது பலகத்தைக் கொல்வது: முன்விசை, எக்ஸ். மஞ்சள் பட்டையில் பலகத்தின் எண்ணோடு கேள்வி வரும். எந்தப் பலகம் எந்த எண் என்று தெரியாவிட்டால், ‘நோ’ என்பதன் முதலெழுத்தை அழுத்தி விலகி, முன்விசையோடு கியூ அழுத்துங்கள். ஒவ்வொரு பலகத்திலும் பெரிய எண் சிறிது நேரம் தோன்றி மறையும்.

முழுச் சாளரத்தையும் கொல்ல முன்விசை, &. ஒய் என்றால் அத்தனை பலகங்களும் ஒரேயடியாகப் போகும். அப்போது உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்திருப்பது நல்லது. டீமக்ஸ் அந்தப் பலகங்களின் முனைய இணைப்பைத் துண்டிக்கிறது. உள்ளே இருந்த நிரல்களுக்கு ‘ஹேங்கப்’ என்ற சமிக்ஞை போகிறது. தொலைபேசி வழியே கணினிகளை இணைத்த காலத்தில், மறுமுனை தொலைபேசியை வைத்துவிட்டது என்று அறிவிக்க உண்டான சமிக்ஞை அது. பெரும்பாலான நிரல்கள் அதைப் பெற்றதும் செத்துவிடும். விம் என்ற தொகுப்பி தன் மாற்றுக்கோப்பை விட்டுவிட்டுப் போகும். அதே கோப்பை மீண்டும் திறக்கும்போது மீட்கலாமா என்று கேட்கும். ‘நானோ’ என்ற தொகுப்பி, கோப்பின் பெயரோடு ‘சேவ்’ என்ற பின்னொட்டைச் சேர்த்து ஒரு பிரதியை வைத்துவிட்டுப் போகும். ‘நோஹப்’ போட்டுத் தொடங்கிய நிரலோ இந்தச் சமிக்ஞையைப் பொருட்படுத்தாது. சாளரம் போன பிறகும் கண்ணுக்குத் தெரியாமல் ஓடிக்கொண்டிருக்கும். மூடிவிட்டேன், ஆனாலும் சேவையகம் இன்னும் சூடாக ஓடுகிறதே என்று திகைத்தால் அங்கே தேடுங்கள்.

பலவற்றை ஒன்றாக மூடுதல்

7 சாளரங்களில் 3ஐ மூட, ஒவ்வொன்றாகப் போய்க் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. மர நோட்டத்துக்குப் போங்கள். மூட வேண்டியவற்றின் மேல் நின்று, ‘டேக்’ என்பதன் முதலெழுத்தான டீ அழுத்தி அடையாளமிடுங்கள். பிறகு ஷிஃப்ட்டோடு எக்ஸ், அதாவது பெரிய எக்ஸ். 3 அடையாளமிட்டவற்றைக் கொல்லவா என்று கேட்கும். சிறிய எக்ஸ் அழுத்தினால் நீங்கள் நிற்கும் ஒன்று மட்டும். அடையாளத்தை எல்லாம் நீக்க ஷிஃப்ட்டோடு டீ. பல சாளரங்களை மூட நான் நம்பும் வழி இது ஒன்றுதான், ஏனென்றால் ஒவ்வொன்றையும் முன்னோட்டத்தில் பார்த்துக்கொண்டே அடையாளமிட முடிகிறது.

இப்போதைய சாளரத்தை விட்டு மற்ற எல்லாவற்றையும் மூட, முன்விசையோடு : அழுத்தி, வரும் வரியில் “கில்-விண்டோ -ஏ” என்று தட்டலாம். ஆனால் கவனம்: கட்டளையாகத் தட்டும்போது டீமக்ஸ் எதையும் கேட்காது. ஒய்/என் கேள்வி விசைகளுக்குச் சேர்த்துக் கட்டிய ஒரு காப்பு; கில்-விண்டோ என்ற கட்டளைக்குள் அது இல்லை. என்டர் தட்டிய கணத்திலேயே எல்லாம் போய்விடும்.

குறிப்பிட்ட ஒன்றை மூட “கில்-விண்டோ -டீ :3”. பெயராலும் சொல்லலாம், ஆனால் முழுப் பெயர் பொருந்தாவிட்டால், தட்டிய எழுத்துகளில் தொடங்கும் வேறு பெயரையும் டீமக்ஸ் ஏற்றுக்கொள்ளும். ‘லாக்’ என்று எண்ணித் தட்டுகிறீர்கள். அப்படி ஒரு சாளரம் இல்லை, ‘லாகின்’ இருக்கிறது. மூடப்படுவது லாகின். பெயருக்கு முன் = குறி இட்டால் முழுப் பொருத்தம் மட்டுமே ஏற்கப்படும். நான் எப்போதும் இடுகிறேன்.

எண்களில் விழும் இடைவெளி

மூடிய பிறகு பட்டையில் 0, 1, 4, 6 என்று எண்கள் துண்டுபட்டு நிற்கும். “மூவ்-விண்டோ -ஆர்” என்று கட்டளையிட்டால் வரிசையாகிவிடும். தானாகவே ஆக வேண்டும் என்றால், வீட்டுக் கோப்புறையில் புள்ளியில் தொடங்கும் டீமக்ஸ் அமைப்புக் கோப்பில் “செட் -ஜி ரீநம்பர்-விண்டோஸ் ஆன்” என்ற வரியைச் சேருங்கள். எண்கள் 1இலிருந்து தொடங்க “செட் -ஜி பேஸ்-இண்டெக்ஸ் 1”. விசைப்பலகையில் 0 மறு கோடியில் இருப்பதால் இது எனக்கு வசதி.

தானாக எண் மாறுவதில் ஓர் ஆபத்து உண்டு. 3ஐயும் 5ஐயும் மூட நினைக்கிறீர்கள். 3ஐ மூடிய கணத்தில் 5 என்பது 4 ஆகிறது, 6 என்பது 5 ஆகிறது. அடுத்து 5ஐ மூடினால் போவது நீங்கள் வைத்திருக்க நினைத்த 6. எண்ணைக் கொண்டு மூடுவதாக இருந்தால் பெரிய எண்ணிலிருந்து சிறியதை நோக்கி வாருங்கள்.

முடிந்தவுடன் மறையும் சாளரம்

சில சமயம் இதற்கு நேர்மாறான தொல்லை: ஒரு நிரலை நேரே சாளரத்தின் கட்டளையாகவே ஓட்டினால், பிழை வந்து அது நின்றதும் சாளரம் மறைந்துவிடும், பிழைச் செய்தியைப் படிக்கக்கூட முடியாது. “செட் -டபிள்யூ ரிமெய்ன்-ஆன்-எக்ஸிட் ஆன்” என்று அந்தச் சாளரத்துக்குக் கட்டளையிட்டால், நிரல் நின்ற பிறகும் பலகம் அப்படியே இருக்கும். படித்து முடித்ததும் “ரெஸ்பான்-பேன்” என்று தட்டினால் அதே நிரல் மீண்டும் தொடங்கும். கூடவே -கே சேர்த்தால், இன்னும் ஓடிக்கொண்டிருப்பதையும் கொன்று புதிதாகத் தொடங்கும். சாளரத்தை மூடி, திறந்து, பெயர் வைக்கும் சுற்று மிச்சம்.

டீமக்ஸுக்குள் டீமக்ஸ்

மடிக்கணினியிலும் டீமக்ஸ், அதன் வழியே போய்ச் சேரும் சேவையகத்திலும் டீமக்ஸ் என்றால் இரண்டு பச்சைப் பட்டைகள் தெரியும். முன்விசையை ஒருமுறை அழுத்தினால் அது வெளியிலுள்ளதற்கு; இருமுறை அழுத்தினால் உள்ளே போகும். தவறி வெளிச் சாளரத்தைக் கொன்றுவிட்டாலும் பயப்பட வேண்டாம். இணைப்பு மட்டும்தான் அறும், சேவையகத்திலுள்ள அமர்வு அப்படியே இருக்கும். மடிக்கணினியின் பட்டைக்கு மட்டும் நீல நிறம் கொடுத்து வைத்தால் குழப்பம் வராது: “செட் -ஜி ஸ்டேட்டஸ்-ஸ்டைல் பிஜி=புளூ”.

ஸ்கிரீன் பயன்படுத்துகிறவர்களுக்கு

அங்கே முன்விசை கண்ட்ரோல் ஏ. பிறகு சி அழுத்தினால் புதிய சாளரம், கே அழுத்தினால் இப்போதைய சாளரத்தைக் கொல்லும், டி அழுத்தினால் விலகும். இரட்டை மேற்கோள் குறி பட்டியலைக் காட்டும். பின்சாய்வுக் கோடு எல்லாச் சாளரங்களையும் கொன்று ஸ்கிரீனையே முடிக்கும். ஒரு முக்கிய வேறுபாடு: ஸ்கிரீனில் பிரித்த பகுதியை ஷிஃப்ட்டோடு எக்ஸ் அழுத்தி மூடினால் அந்தக் காட்சிப் பகுதிதான் போகும், உள்ளே இருந்த சாளரம் உயிரோடு இருக்கும். டீமக்ஸில் பலகத்தை மூடினால் நிரலும் போகும். ஸ்கிரீனில் கைபழகி டீமக்ஸுக்கு வருகிறவர்கள் வேலையை இழப்பது பெரும்பாலும் இங்கேதான்.

அமர்வையும் சேவையகத்தையும் முடித்தல்

முதலில் “டீமக்ஸ் எல்எஸ்” என்று தட்டி, எத்தனை அமர்வுகள், ஒவ்வொன்றிலும் எத்தனை சாளரங்கள் என்று பாருங்கள். ஓர் அமர்வை முடிக்க “டீமக்ஸ் கில்-செஷன் -டீ ஏடு”. மற்ற அமர்வுகள் தப்பும். “டீமக்ஸ் கில்-சர்வர்” எல்லா அமர்வுகளையும் ஒரே அடியில் முடிக்கும், இதுவும் கேள்வி கேட்காது. ஒரே கணக்கில் இருவர் வேலை செய்யும் சேவையகத்தில் இதைத் தொடாதீர்கள். அடுத்தவருடைய அமர்வும் உங்கள் கட்டளையோடு போகும்.

மருமகள் இப்போது வேலையை இப்படித்தான் முடிக்கிறாள். மரத்தைத் திறக்கிறாள், ஓசிஆர், நகல், பதிவு, தொகுப்பி என்று பெயர்கள் நிற்கின்றன. நகலும் தொகுப்பியும் வெறும் டாலர் குறியோடு இருக்கின்றன. இரண்டையும் அடையாளமிட்டு மூடுகிறாள். ஓசிஆர் இரவு முழுக்க ஓட வேண்டும். அதை விட்டுவிட்டு விலகுகிறாள். அடுத்த நாள் அதுவும் முடிந்து, கடைசிச் சாளரத்தில் எக்ஸிட் தட்டிய பிறகு “டீமக்ஸ் எல்எஸ்” கேட்டால் “நோ சர்வர் ரன்னிங்” என்று ஒரு வரி வருகிறது. அந்த வரியைப் பார்த்த பிறகுதான் வாடகைச் சேவையகத்தை நிறுத்துகிறாள்.